வேலையை விட்டால் வீடும் போகும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழில் மாறும் அச்சம்

வேலை மாற நினைப்பவருக்குத் தன்முனைப்புப் பட்டறைகளிலும் புத்தகங்களிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: பயம் உன் மனத்தில்தான் இருக்கிறது, அதை உதறிவிடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களிடம் இந்த அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்பதைப் பொறுமையாக ஆராய வேண்டியிருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்குப் பதிவு பார்ப்பவர், ஷா ஆலம் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுபவர், பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதுபவர் எனப் பலருக்கும் வேறொரு தொழில் மனத்தில் இருக்கிறது. ஆண்டுகள் போகின்றன, அடி எடுத்து வைப்பதில்லை. அவர்களைத் தடுப்பதில் இரண்டு உணர்வுகள் பின்னிக் கிடக்கின்றன. இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் ஒன்று. புதியதைச் செய்யும் திறமை நமக்கு உண்டா என்ற சந்தேகம் மற்றொன்று. என் வாதம் இதுதான்: முதலாவது பெரும்பாலும் நியாயமானது, அதற்குச் சொல்லக்கூடிய காரணங்களும் வரலாறும் இருக்கின்றன. இரண்டாவதற்கு நம் சமூகத்தின் நூறாண்டு அனுபவத்தில் ஆதாரமே இல்லை. இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்து, துணிச்சல் என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் இரண்டுமே தீராமல் கிடக்கின்றன.

அச்சத்தின் வேரைத் தோட்டத்தில் தேட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வேலை என்பது கூலி மட்டும் இல்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மருந்தகம், தண்ணீர், கோயில் நின்ற நிலம் எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டியவரும் முதலாளிதான். ஆகவே பேரேட்டில் ஒருவர் பெயர் அடிபட்டால் அன்றே குடும்பத்தின் கூரையும் பிள்ளையின் வகுப்பறையும் சேர்ந்து போயின. இந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு பயம் ஊறியிருந்தது என்பதை 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் காட்டுகிறது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது, கள்ளுக்கடைகளை மூடுவது இருந்தது, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி இருந்தது. துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் இருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இராணுவம் இறங்கியது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின. சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்கே இந்த விலை கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகளிடம், நிலையான வேலையை விடாதே என்ற பாடம் வீட்டுப் பாடமாக வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். அது அனுபவத்திலிருந்து கற்ற கணக்கு.

பிரிக்பீல்ட்ஸின் கதை வேறு மாதிரி, ஆனால் முடிச்சு ஒன்றே. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடத் தொடங்கியபின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் படித்த எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். இரயில் பாதைகளிலும் பட்டறைகளிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் உழைத்தார்கள். தோட்டத் தொழிலாளியைவிட இவர்கள் நிலை பல படிகள் மேல். ஆனாலும் குடியிருப்பு அரசாங்கத்தின் குவார்ட்டர்ஸ், முதுமை அரசாங்கத்தின் பென்ஷன். பிள்ளைக்கு அரசாங்க வேலை, பெண்ணுக்கு அரசாங்க மாப்பிள்ளை என்ற ஆசை இங்கேதான் கெட்டிப்பட்டது. இரயில்வே திடலாக இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. நூறு குவார்ட்டர்ஸ் என்று பேர்பெற்ற பழைய வீடுகள் இடிபட்டன. கட்டடம் போன பின்பும் அது கற்றுக்கொடுத்த மதிப்பீடு வீடுகளில் தங்கியிருக்கிறது.

இனி சந்தேகத்துக்கு வருவோம். நம்மால் வேறு தொழில் செய்ய முடியுமா என்று தயங்குபவர் தன் குடும்பத்தின் மூன்று தலைமுறை வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். தாத்தா பால்மரம் சீவியிருப்பார், அல்லது ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது குலை வெட்டக் கற்றிருப்பார். அப்பா லாரி ஓட்டியிருப்பார், மின்னியல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்திருப்பார், காவலராக நின்றிருப்பார். அம்மா தையலோ சமையலோ செய்து குடும்பத்தைத் தாங்கியிருப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கே தோட்டங்களின் மேல் கட்டப்பட்டது. ஷா ஆலம் எழுந்த இடத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது, சுபாங் ஜெயாவின் அடியில் சீஃபீல்டு தோட்டம் கிடக்கிறது. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்து அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்களுக்கு வேறு வேலை பிடிக்குமா, திறமை உண்டா, வயது ஒத்துவருமா என்று யாரும் கேட்கவில்லை. மரம் சீவிய கை சில ஆண்டுகளில் ஸ்டீயரிங் பிடித்தது, கணினிச் சில்லு பொருத்தியது, கடை நடத்தியது. இழப்பீடு போதாமல், வீடு இல்லாமல், புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டு அவர்கள் தொழில் மாறினார்கள். அந்த மாற்றத்தில் உடைந்துபோன குடும்பங்கள் உண்டு, குண்டர் கும்பல்களிடம் பறிகொடுத்த இளைஞர்கள் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் உடைந்தவர்கள் புதிய வேலையைக் கற்க முடியாததால் உடையவில்லை. தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாததால் உடைந்தார்கள். கற்கும் திறமை குறைந்த சமூகம் இது என்று காட்ட அந்த வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை.

பிறகு ஏன் சந்தேகம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? செய்த வேலைக்குத் தாள் இல்லாததே முதல் காரணம் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் ஐம்பது பேரின் வேலையைப் பங்கிட்டு, பால் எடையைக் கணக்கிட்டு, சண்டையைத் தீர்த்து வைத்த மண்டோருக்கு நிர்வாகம் தெரியும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை. இன்று கிடங்கில் இருபது ஆண்டு சரக்கு ஒழுங்கு பார்த்தவரிடமும் எஸ்.பி.எம். தாளைத்தான் கேட்கிறார்கள். மற்றவர் மதிக்காததை நாளடைவில் அவரே மதிப்பதில்லை. தாள் உள்ளவர்களையும் இந்தச் சந்தேகம் விடுவதில்லை. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் தத்தம் துறையில் வென்ற நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம் கண்டது இதைத்தான்: வெற்றியைத் தற்செயல் என்று கருதி, ஒருநாள் அகப்பட்டுக்கொள்வோம் என்று நடுங்குபவர்கள் திறமையற்றவர்களாக இருக்கவில்லை. சந்தேகம் தோன்றுவதைக் கொண்டு திறமையை அளக்க முடியாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. மலேசியாவில் தாள் இல்லாக் குறையைத் தீர்க்க இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன, நம்மில் பலர் அவற்றைத் தட்டுவதில்லை. மலேசியத் தகுதி முகமையின் ஏபெல் திட்டத்தில் 21 வயது நிறைந்து தொடர்புள்ள பணி அனுபவம் இருப்பவர், வழக்கமான நுழைவுத் தகுதி இல்லாமலே மதிப்பீட்டுக்கு உட்பட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். திறன் மேம்பாட்டுத் துறையிலோ, வகுப்பில் உட்காராமல், செய்த வேலையின் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. இந்த விண்ணப்பத்தால் சான்றிதழுக்கு முன்பே ஒரு பயன் கிடைக்கிறது: தனக்கு என்னென்ன தெரியும் என்று ஒருவர் முதன்முறையாக எழுதிப் பார்க்கிறார்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் நான்கு ஊற்றுகளாக வகுத்தார். ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தல், பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலின் பதற்ற நிலை. இவற்றில் வலிமை மிக்கது முதலாவது. பட்டறைகள் விற்பதோ மூன்றாவதை மட்டும். இதற்கான சான்றைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸிலேயே இயங்கி வருகிறது, அதன் கர்னி பயிற்சி நிலையமும் அங்கேதான். நடுவயதில் பார்வையை இழப்பவருக்கு வாய்த்ததைவிடக் கடுமையான தொழில் மாற்றம் இருக்க முடியாது. பழைய வேலை போய்விட்டது, தெருவில் நடப்பதையே புதிதாகக் கற்க வேண்டும். அங்கே வெள்ளைக்கோலுடன் நடக்கவும், பிரெய்லி படிக்கவும், கணினியைக் குரலால் இயக்கவும், உடம்புப்பிடித் தொழில் செய்யவும் படிப்படியாகப் பழக்குகிறார்கள். பேட்டையைச் சுற்றிலும் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்கள் இருக்கின்றன. புதிதாக வருபவர் தன்னைப் போன்றவர் சம்பாதிப்பதைப் பக்கத்திலேயே அறிகிறார், முதல் வாடிக்கையாளரைத் தானே கவனித்து அனுப்புகிறார். பாண்டுரா சொன்ன முதல் இரண்டு ஊற்றுகளும் ஒரே தெருவில் கிடைக்கின்றன. யோசித்து யோசித்துச் சந்தேகத்தைத் தீர்த்தவர் யாரும் இல்லை. செய்து பார்த்துத்தான் தீர்த்திருக்கிறார்கள்.

அச்சத்துக்கோ வேறு சிகிச்சை வேண்டும், ஏனென்றால் அது பணத்தைப் பற்றியது. டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டியதுபோல, கிடைப்பது தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பது தரும் வலி மனிதருக்குப் பெரிதாகத் தெரிகிறது. கையிருப்பு குறைந்தவருக்கு அந்த வலி இன்னும் கூர்மையானது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தமிழகக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தது. பணமுடை மிகுந்த அறுவடைக்கு முந்தைய காலத்தில் அதே மனிதர்களின் சிந்தனைத் திறன் தாழ்ந்திருந்தது. கடன் தவணைக்கு நடுவில் நின்று வாழ்க்கை முடிவை எடுக்கச் சொன்னால் எவருக்கும் தடுமாற்றம் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அப்படியிருக்க நம் கையிருப்பு எங்கே இருக்கிறது? சேமநிதியில். ஆனால் பெருந்தொற்றுக் காலத்துச் சிறப்பு மீட்புகளில் நாடு முழுவதும் 14,500 கோடி ரிங்கிட் சேமநிதியிலிருந்து வெளியே போயிற்று. 2024 மே முதல் புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும் 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் பிரிகிறது. எந்த நேரமும் எடுக்கக்கூடியது அந்தப் பத்து மட்டும். மாதம் 3,000 ரிங்கிட் வாங்கும் ஊழியருக்கு முதலாளியின் 13, அவருடைய 11 சேர்த்து 720 ரிங்கிட் சேமநிதிக்குப் போகிறது. நெகிழ்வுக் கணக்கில் சேர்வது 72 ரிங்கிட். ஆறு மாத வீட்டுச் செலவை இதிலிருந்து திரட்டக் காலம் போதாது. ஆக, அச்சம் சொல்லும் செய்தி உண்மை: வேலைக்கும் வேலைக்கும் இடையிலான பள்ளத்தைத் தாண்டப் பாலம் இல்லை.

அரசின் பாலம் ஒன்று இருக்கிறது, அது வேறு பக்கத்தைப் பார்த்து நிற்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்துகிறது. முதலாளியும் ஊழியரும் ஆளுக்கு 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு முதல் மாதம் காப்புறுதிக்குட்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பின்னர் 40, 40, 30, 30 என ஆறு மாதம் வரை உதவி உண்டு, பயிற்சிக் கட்டணமும் உண்டு. நல்ல திட்டம். 2015-இல் மலேசிய விமான நிறுவனம் தன் 20,000 ஊழியரில் ஏறத்தாழ 6,000 பேரைக் குறைத்தபோது இப்படி ஒரு பாதுகாப்பு நாட்டில் இல்லை. ஆனால் தானே விலகுபவருக்கு இதில் ஒரு காசும் கிடையாது. தள்ளிவிடப்படும்வரை காத்திருப்பவரைத் தாங்கும் திட்டம், யோசித்து நகர்பவரைத் தாங்குவதில்லை. நூறாண்டாகத் தள்ளப்பட்டபோது மட்டுமே தொழில் மாறிய சமூகத்துக்குச் சட்டமும் அதே பழக்கத்தையே கற்பிக்கிறது.

வசதியான குடும்பங்களில் அச்சத்தின் முகம் மாறுகிறது. அங்கே பயப்படுவது பட்டினிக்கு அன்று, பேச்சுக்கு. மகன் டாக்டர் என்று கல்யாண வீட்டில் சொல்ல முடிந்த தந்தைக்கு, மகன் அதை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போகிறான் என்று சொல்ல நா எழுவதில்லை. ஆனால் அந்தப் பெயரின் உறுதியே ஆட்டம் கண்டிருக்கிறது. 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் நாள் பெருந்தொற்றின் உச்சத்தில் அவர்களே வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனை வளாகங்களில் கறுப்புடை அணிந்து நின்றார்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த படிப்பும் நிரந்தர வேலையைத் தரவில்லை என்றால், பாதுகாப்பான வேலை, பாதுகாப்பற்ற வேலை என்று பெற்றோர் மனத்தில் போட்டு வைத்த கோடு பழைய இடத்தில் இல்லை. இதைப் பெற்றோரிடம் சண்டையாகச் சொல்லக் கூடாது. அவர்களுடைய எச்சரிக்கை நாம் பட்டதை நீ படாதே என்ற பரிவிலிருந்து வருகிறது. அவர்களுக்குக் காட்ட வேண்டியது இன்றைய எண்கள்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தமிழனுக்கு வாய்ப்பு மறுக்கப்படும் நாட்டில் மனத்தடையைப் பற்றிப் பேசுவது, பாதிக்கப்பட்டவன் மேலேயே பழியைப் போடுவதாகாதா? விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தே ஒதுக்குவதும், மண்டரின் தெரிந்தவர் மட்டும் என்று விளம்பரம் செய்வதும், அரசு உதவிகளில் பின்வரிசையில் நிறுத்துவதும் கற்பனை இல்லையே என்பார்கள். இது சரியான மறுப்பு, இதன் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தால் அதைத் திறக்கக் கேட்பது அரசியல் வேலை, அதை எந்தத் தன்னம்பிக்கையும் ஈடு செய்யாது. ஆனால் எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால், பூட்டாத கதவையும் தட்டாமல் விடுகிறோம். தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி கடனும் மித்ராவின் பயிற்சிகளும் இந்திய சமூகத்துக்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றின் நிர்வாகத்தைப் பற்றி எழுந்த குறைகளைக் கேட்டே தீர வேண்டும், விண்ணப்பத்தையும் போட்டே தீர வேண்டும். பாகுபாட்டின் கொடுமைகளில் ஒன்று, அது நீங்கிய இடத்திலும் தன் வேலையை நாமே செய்யும்படி பழக்கிவிடுவது.

மற்றொரு மறுப்பு சான்றுகளைப் பற்றியது. வேலையை விட்டு வென்றவர் பத்திரிகையில் பேட்டி கொடுக்கிறார், தோற்றவர் கிரேப் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு மௌனமாக இருக்கிறார், ஆகவே வெற்றிக் கதைகளை நம்பலாமா? நம்பக் கூடாதுதான். அதனால்தான் கதைகளை விட்டு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களைக் காசு சுண்டிப் பார்க்கச் சொன்னார். இருபதாயிரம் முறைக்கு மேல் காசு சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் மாறு என்று காசு சொன்னவர்கள் மாறியது அதிகம், ஆறு மாதம் கழித்து அவர்களே கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் கண்டது இதற்குத் துணை நிற்கிறது: செய்ததைப் பற்றிய வருத்தம் ஆரம்பத்தில் சுடும், நீண்ட காலத்தில் மனத்தை அரிப்பது செய்யாமல் விட்டதுதான். ஆனால் லெவிட்டின் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள், ஏற்கெனவே மாற்றத்தின் விளிம்பில் நின்றவர்கள். மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் தாய்க்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அவருக்குப் பயன்படுவது வேறோர் ஆய்வு. சம்பள வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுமையாக மாறியவர்களை, ஒரே பாய்ச்சலில் வேலையை விட்டவர்களோடு ஜோசப் ரஃபீயும் ஜி ஃபெங்கும் 2014-இல் ஒப்பிட்டார்கள். அமெரிக்கத் தரவுகளில் முதல் வகையினர் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. எச்சரிக்கையானவரே நிலைத்தார்.

ஆகவே வழி இரண்டாகப் பிரிகிறது, இரண்டிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சந்தேகத்துக்குச் சிறிய சோதனைகள் போதும். சமையல் தொழிலுக்கு வர நினைப்பவர் தீபாவளிச் சந்தையில் தெங்கு கிளானா சாலையிலோ துன் சம்பந்தன் சாலையிலோ சில வாரம் கடை போட்டுப் பார்க்கலாம். கற்பிக்க நினைப்பவர் சனிக்கிழமை வகுப்பொன்று நடத்தலாம். கணினித் துறையை நாடுபவர் கோயில் நிர்வாகத்தின் கணக்கைக் கணினியில் ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். புதிய வேலைச் செய்தி நெருங்கிய சொந்தங்களைவிட அரைகுறையாய்த் தெரிந்தவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று மார்க் கிரானவெட்டர் 1973-இலேயே காட்டினார். வட்டம் விரியாதவரை செய்தியும் விரியாது. அச்சத்துக்கோ வீட்டில் உட்கார்ந்து எழுதும் கணக்கு வேண்டும்: மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும், எந்தத் தேதியில் திரும்பிவிடுவோம். சொந்தத் தொழிலுக்குப் போனபின் சேமநிதிச் சந்தாவையும் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பையும் நிறுத்தாமல் கட்ட முடியுமா என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மீதி அரசாங்கத்தின் பங்கு. பத்து ஆண்டு சந்தா கட்டிய ஊழியர், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் சேருவதற்காக விலகினால், வேலைக் காப்புறுதியின் பயிற்சிக் கட்டணத்தையும் முதல் சில மாத உதவியையும் வாழ்நாளில் ஒருமுறை அவருக்குத் திறந்துவிட வேண்டும். பணியாளர்கள் விருப்பம்போல் வேலையை விட்டு ஓடுவார்கள் என்று முதலாளிகள் அஞ்சலாம். பத்தாண்டு நிபந்தனையும், ஒருமுறை என்ற வரம்பும், பயிற்சியில் வருகைப் பதிவும் அந்தக் கவலைக்குப் பதிலாகும். இந்தக் கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும்.